பெண்ணைப் பற்றி விசாரிக்க வந்தவர்

ரஷ்ய வரலாற்றை ஏன் எடுத்தீர்கள் என்று என்னைக் கேட்காத ஆள் இல்லை. கேட்பவர் முகத்தைப் பார்த்தாலே எந்தப் பதிலுக்குக் காத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். சிலருக்கு நான் புரட்சி என்று சொல்ல வேண்டும். சிலருக்கு, சின்ன வயதில் தடியாக ஒரு நாவலைப் படித்துத் தேம்பித் தேம்பி அழுதேன் என்று சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் இரண்டு கூட்டத்துக்கும் முகம் தொங்கிப் போகிறது. பெங்களூரில் படிக்கும்போது ஒரு வெளிநாட்டு மொழி எடுக்க வேண்டியிருந்தது, ஜெர்மன் வகுப்பில் இடமில்லை. பிரெஞ்சு வகுப்பு முடிவதற்குள் ஓசூர் பஸ் போய்விடும். ரஷ்ய வகுப்பு சீக்கிரம் முடியும், டீயும் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். அவ்வளவுதான் சங்கதி, இதற்கு மேல் தத்துவம் ஒன்றும் கிடையாது.

சேர்ந்த பிறகு அது என்னைப் பிடித்துக்கொண்டது. ராஜாக்களும் போர்களும் எனக்கு வேண்டாம், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நாட்டுக் கிராமத்தில் ஒருவன் வரி கட்டாமல் ஓடிப்போனால் ஊரே சேர்ந்து அதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று படித்த அன்றைக்கு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பஸ்ஸிலேயே போய்விட்டேன். ஓர் ஊர் மொத்தமும் எப்படி ஒரே பேச்சாகப் பேசும்? வெளியிலிருந்து அதிகாரி வந்தால் யார் முதலில் வாயைத் திறப்பார்கள்? இதைத் தெரிந்துகொள்ளாமல் செத்துப்போகக் கூடாது என்று தோன்றியது. இருபத்துச் சொச்சம் வயசில் அப்படியெல்லாம் தோன்றும்.

அறுபதுகளின் கடைசி அது. கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை. ஐரோப்பிய வரலாறு நடத்தினேன். பிரெஞ்சுப் புரட்சியில் தொடங்கினால்கூட இரண்டாம் வகுப்பிலேயே ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன். "கொஞ்ச நாளாவது பாரிஸ்ல இருங்கம்மா, பரீட்சைக்கு அதுதான் வருது" என்று பிரின்சிபால் கெஞ்சுவார். பையன்கள் முதுகுக்குப் பின்னால் என்னை ரஷ்யாக்கா என்றார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் மாஸ்கோவில் போய் ஆராய்ச்சி செய்ய எனக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை, தங்குமிடம் எல்லாம் சரி. பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி. வகுப்பு தொடங்குவதற்குள் அது கைக்கு வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த அடுத்த ஆள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் மனசுக்குள் அந்த மனுஷனைத் தினமும் சபித்துக்கொண்டிருந்தேன். பாஸ்போர்ட் வர வேண்டுமென்றால் போலீஸ் விசாரணை முடிய வேண்டும். விசாரணைக்கு எப்போது வருவார்கள், யார் வருவார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் வீடு ஓசூரில். அப்பாவுக்குப் பெங்களூர் ரோட்டில் ஒரு லேத்துப் பட்டறை. லாரிக்கும் பம்ப்செட்டுக்கும் உதிரி பாகம் கடைந்து கொடுப்பார். இந்தப் பக்கம் ஃபேக்டரிகள் வரப்போகின்றன என்று ஊரில் பேச்சு அடிபட ஆரம்பித்திருந்தது. அப்பா அதை வேதவாக்காக நம்பினார். பெங்களூரில் எங்கேயோ ஒரு ரஷ்ய மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அந்த நாட்டின் மேல் அவருக்குத் தனி மரியாதை. "இரும்ப அப்படி வார்க்கிறவன் கெட்டவனா இருக்க மாட்டான், நீ போயிட்டு வா" என்றார். பிறகு ஒரு நாள் மெதுவாகக் கேட்டார்: "அவ்ளோ தூரம் போயி ஹிஸ்டரிதான் படிக்கணுமா பாப்பா? மெஷின் படிக்கக் கூடாதா?"

அம்மா போகட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். நாங்கள் கத்தோலிக்கர்கள். அந்த நாட்டில் பூசை உண்டா, பூசையில் நன்மை அப்பம் வாங்க முடியுமா என்று பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டு வந்தாள். அவர் என்ன சொன்னாரோ, அன்றைக்கு முழுக்க அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். வீட்டில் மாஸ்கோ பேச்சு எழுந்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். எனக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது, கோயிலில் என் கல்யாண ஓலையை எந்த ஞாயிற்றுக்கிழமை வாசிப்பார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குக் கவலை என்று நான் நினைத்தேன். அவளிடம் நேராகக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தெருவுக்கும் அதே கவலைதான். பக்கத்துப் போர்ஷனில் வீட்டுக்காரம்மா, தெலுங்குக்காரர். எங்கள் வாடகை வீட்டுக்கு மட்டுமல்லாமல் எங்கள் குடும்பத்துக்கும் தானே சொந்தக்காரர் என்று நினைப்பவர். எதிரில் டைலர், கன்னடக்காரர். மூன்று வீட்டிலும் மூன்று மொழியும் ஓடும். இவர்கள் எல்லாம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: ரஷ்யாவுக்குப் போகிற பெண் என்று தெரிந்தால் எந்த மாப்பிள்ளை வீட்டானும் வாசல்படி மிதிக்க மாட்டான், அதனால் அந்தப் பேச்சு வெளியில் போகக் கூடாது. என்னிடம் இந்தத் தீர்மானத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

இனி நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அன்றைக்குக் கிருஷ்ணகிரியில் இருந்தேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதில், மூன்றிலும் ஒத்துப்போவதை மட்டும் எழுதுகிறேன். தொழில் புத்தி.

காலையில் ஒரு பெரியவர் தெருவுக்குள் வந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வேட்டி, குடை, கையில் தோல்பை. நல்ல தமிழ், தர்மபுரிப் பக்கத்துத் தமிழ். நேராக டைலரிடம் போய், "இந்த வீட்டுப் பொண்ணப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும்" என்றாராம். எங்கள் தெருவில் இப்படிக் கேட்டு வருகிற ஆள் யார் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். டைலர் மெஷினை விட்டு எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வீட்டுக்காரம்மாவுக்குச் சத்தம் கொடுத்தார். வீட்டுக்காரம்மா பின்வாசல் வழியாக ஓடி என் அம்மாவுக்குச் சேதி சொன்னார். அம்மா பட்டுப்புடவைக்கு மாறினாள், ரவையை வறுத்துக் கேசரி கிளறி எடுத்துக்கொண்டு டைலர் கடைக்கே வந்துவிட்டாள்.

அவர் கேட்ட கேள்விகளும் அதற்கேற்ற மாதிரிதான் இருந்தன. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்கள்? அப்பாவுக்கு என்ன தொழில்? கடன், கேஸ், சண்டை ஏதாவது உண்டா? பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள், யாரோடு பழகுகிறாள்? மாப்பிள்ளை வீட்டாரும் அரசாங்கமும் ஒரு பெண்ணைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றேதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"தங்கமான பொண்ணுங்க" என்றாராம் வீட்டுக்காரம்மா. "இருக்குற எடம் தெரியாது. காலேஜு உண்டு, வூடு உண்டு."

"வாயே தெறக்காதுங்க" என்றார் டைலர். என்னைப் பற்றி! அந்தத் தெருவில் குழாயடிச் சண்டையில் என் குரல்தான் பெரிசு.

பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "ரஷ்யாவுக்குப் போறதாச் சொல்றாங்களே?"

அவ்வளவுதான், வீட்டுக்காரம்மாவுக்கு வியர்த்துவிட்டது. அந்த மனுஷன் முன்னாலேயே என் அம்மா பக்கம் திரும்பி, சிரித்த முகம் மாறாமல், தெலுங்கில் சொன்னார்: யாரோ வயித்தெரிச்சல் பிடித்தவர்கள் போட்டுக்கொடுத்துவிட்டார்கள், ஒரேயடியாக இல்லை என்று சொல்லிவிடு. எங்கள் ஊரில் இது வாடிக்கை. வந்தவர் தமிழில் பேசினால் தெலுங்கில் யோசனை நடக்கும். தெலுங்கில் பேசினால் கன்னடத்தில் நடக்கும். வந்தவருக்கு ஒரு மொழிதான் தெரியும் என்று எந்த நம்பிக்கையில் முடிவு செய்வார்களோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

அம்மாவும் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு, பெரியவரிடம், "அதெல்லாம் சும்மாப் பேச்சுங்க. அவ எங்கியும் போவல" என்றாள். டைலர் அதோடு விட்டாரா? "ரஷ்யான்னா என்னான்னே அதுக்குத் தெரியாதுங்க. மேப்புல காட்டுன்னா முழிக்கும்" என்றார். வரலாற்றில் எம்.ஏ. வாங்கியவள் நான்!

அந்த நேரம் பார்த்து, டைலர் கடைக் கொக்கியில் என் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்கோக் குளிருக்காக அப்பா பெங்களூரில் வாங்கி வந்த பட்டாளத்துக் கம்பளியில் தைத்தது. பாதி முடிந்திருந்தது. ஆள் ஒருவர் உள்ளே படுத்துத் தூங்கலாம், அவ்வளவு கனம். பெரியவர் அதையே பார்த்துவிட்டு, "இந்த ஊர் குளிருக்கு இவ்ளோ பெரிய கோட்டா? யாருக்கு?" என்று கேட்டார்.

டைலர் ஒரு நொடியும் தயங்கவில்லை. "மாட்டுக்குங்க."

"மாட்டுக்கா?"

"சீமை மாடுங்க. ஒருத்தர் வளக்கிறாரு. ராத்திரியில நடுங்குதாம்."

"கை வெச்சிருக்கே?"

"முன்னங்காலுக்குங்க."

பெரியவர் கொஞ்ச நேரம் கோட்டையும் டைலரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பட்டன் பெரிசா வையுங்க, மாடு மேயும்போது பிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு என் அம்மா கொடுத்த கேசரியைச் சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

பின்னாளில் என் தொழிலே இதுவாகிப் போனது. ஜார் காலத்தில் கிராமங்களுக்குப் போன அதிகாரிகள் எழுதிவைத்த விசாரணைக் குறிப்புகளைக் கட்டுக் கட்டாகப் படித்தேன். எங்கே உட்கார்ந்து படித்தேன் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். ஊர் முழுக்க ஒரே பதில்: தெரியாது, பார்க்கவில்லை, எங்களுக்கு அதெல்லாம் புரியாது. இதை வைத்து, அந்த ஜனங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று பெரிய பெரிய பேராசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு தாங்காது. அந்த அதிகாரியின் தலைக்கு மேலேயே ஒரு கொக்கியில் ஏதோ தொங்கியிருக்கும், அதை மாட்டுக்கு என்று எவனோ சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். என் ஆராய்ச்சியைப் படித்தவர்கள் எனக்குக் கூர்மையான பார்வை என்று பாராட்டினார்கள். பார்வையாவது மண்ணாவது. எல்லாம் எங்கள் தெருவின் யோக்கியதை.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், அம்மா பட்டுப்புடவையோடு நிற்கிறாள். வீட்டுக்காரம்மா, டைலர், பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்ட அப்பா, எல்லார் முகத்திலும் கல்யாணக் களை.

"பெரிய எடமாத்தான் இருக்கணும்" என்றாள் அம்மா. "என்னா பணிவு! உன் போட்டோவகூடப் பையில வெச்சிருந்தாரு. எடுத்து எடுத்துப் பாத்துக்கினாரு."

"என் போட்டோ அவருக்கு ஏது?"

"அதான் எனக்கும் தெரியல. நாம யாருக்கும் குடுக்கலியே. சின்னதா, ஒரே மாதிரி ரெண்டு."

 கிருஷ்ணகிரி ஸ்டுடியோவில் எடுத்து, விண்ணப்பத்தோடு ஒட்டி அனுப்பிய போட்டோ அது.

"அடப்பாவிகளா! அவர் போலீஸ்! பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்தவர்!"

 டைலர் மெல்ல, "போலீஸுன்னா தொப்பி எங்கே?" என்றார். அவர் கழுத்தை அங்கேயே நெரித்திருப்பேன். எனக்கு ரஷ்யா எங்கே இருக்கிறது என்றே தெரியாது, நான் எங்கேயும் போகப்போவதில்லை என்று அரசாங்கத்திடம் என் தெருவே சாட்சி சொல்லியாகிவிட்டது. இனி யாரிடம் போய் என்னவென்று சொல்வது? தலையில் அடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படித்த படிப்பு ஒரு தட்டுக் கேசரியில் போய்விட்டதே என்று வயிறு எரிந்தது.

அம்மாதான் முதலில் பேசினாள். "சாயங்காலம் தர்மபுரி பஸ்ஸுக்குப் போறன்னாரு. இன்னும் போயிருக்க மாட்டாரு."

சொல்லிவிட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். பட்டுப்புடவையில் அம்மா முன்னால், அவள் பின்னால் நான், அப்பா, வீட்டுக்காரம்மா, கழுத்தில் இஞ்ச் டேப்போடு டைலர். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் டைலர், "பாஸ்போர்ட்டு, பாஸ்போர்ட்டு" என்று கத்திக்கொண்டே ஓடினார். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது.

பெரியவர் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பஸ் நின்றுகொண்டிருந்தது, இன்னும் டிரைவர் ஏறவில்லை. நான் மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் டைலர் முந்திக்கொண்டார்.

"சார், காலையில சொன்னது எல்லாம் பொய் சார். ரஷ்யான்னா இதுக்கு உசுரு. எந்நேரமும் அதே நெனப்பு. தூக்கத்துலகூட ரஷ்யாவுலதான் பேசும்!"

"ஓஹோ" என்றார் பெரியவர். "கூட்டம் கீட்டம் போடுவாங்களா?"

"தெனமும் சார்! பசங்க சும்மா கூடிடுவாங்க!"

கல்லூரி வகுப்பைத்தான் அப்படிச் சொன்னார். நான் அவர் கையை நறுக்கென்று கிள்ளினேன். மேப்பில் ரஷ்யாவைக் காட்டத் தெரியாதவள், அரை நாளில் பயங்கரமான கம்யூனிஸ்டாகிவிட்டேன். வீட்டுக்காரம்மாவுக்கு ஆபத்து புரிந்து, வழக்கம்போலச் சிரித்த முகத்தோடு என் அம்மாவிடம் தெலுங்கில், இந்த ஆள் வாயை அடைக்கச் சொல், பெண்ணை உள்ளே தள்ளிவிடப் போகிறார்கள் என்றார்.

"நாக்கு தெலுகு ஒச்சம்மா" என்றார் பெரியவர்.

எனக்குத் தெலுங்கு தெரியும் அம்மா என்று அவர் சொன்ன தெலுங்கு, வீட்டுக்காரம்மாவின் தெலுங்கைவிடச் சுத்தமாக இருந்தது. வீட்டுக்காரம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"கெலமங்கலத்துல, தெலுங்குக்காரங்க நடுவுல, ரொம்ப வருஷம் வேலை பாத்தேன்" என்றார் தமிழில். "காலையில நீங்க பேசிக்கினது பூராவும் புரிஞ்சுது. மாடு சமாச்சாரமும் புரிஞ்சுது."

"அப்ப ஏன் சார் சொல்லல?" என்று அப்பா பாவமாகக் கேட்டார்.

"எங்க போனாலும் இதே கததாங்க. பாஸ்போர்ட் விசாரணைன்னு சொன்னா குடிக்கத் தண்ணி குடுக்க மாட்டாங்க. பொண்ணப் பத்தின்னா கேசரி கெடைக்குது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்படின்னா சரியா எழுதிடுவீங்களா சார்?" என்றேன்.  அவர் என் அம்மா பக்கம் திரும்பினார்.

"இவங்க ரெண்டு பேரும் சொன்னத நான் கணக்குலயே எடுக்கலம்மா. ஆனா நீங்க காலையில இந்தம்மாகிட்ட தெலுங்குல ஒண்ணு சொன்னீங்க. 'இது பொய்யே இல்ல, இவ போகக் கூடாதுன்னுதான் தெனமும் மாதாகிட்ட அழுவுறேன்'னு. அதத்தான் மத்தியானத்துல இருந்து நெனச்சிக்கினு ஒக்காந்திருக்கேன். கல்யாணம் ஆவாத பொண்ணு. பெத்தவங்களுக்கு இஷ்டமில்லன்னு நான் ஒரு வரி எழுதினாப் போதும், மேல நகராது. நீங்களே சொல்லுங்க. நான் என்னான்னு எழுதட்டும்?"

அம்மா தெலுங்கில் என்ன சொன்னாள் என்பதை வீட்டுக்காரம்மா அதுவரை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அப்போதுதான் தெரியும். மாஸ்கோ பேச்சு வந்தால் அவள் அடுப்படிக்குப் போனது கோபத்தில் இல்லை. கல்யாண ஓலையும் இல்லை, பூசையும் இல்லை. நான் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அவள் தினமும் அழுதிருக்கிறாள், நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து ரஷ்ய வினைச்சொற்களைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்திருக்கிறேன்.

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். கண்டக்டர் விசில் ஊதினார். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வேண்டாம் என்று சொன்னால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். உண்மையாகவே அந்த நிமிஷம் எனக்கு மாஸ்கோ மறந்துபோய்விட்டது.

"காலையில சொன்னதும் நெசந்தாங்க" என்றாள் அம்மா. "இப்பவும் எனக்கு மனசு இல்ல. ஆனா இஷ்டமில்லன்னு மட்டும் எழுதிடாதீங்க சார். எழுதினா அவ இங்கியேதான் இருப்பா. தெனமும் என் மொகத்தப் பாத்துக்கினே இருப்பா. ஒரு வார்த்த கேக்க மாட்டா. அத என்னால தாங்க முடியாது."

பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். நான் பஸ் ஸ்டாண்டு நடுவில், அத்தனை பேர் பார்க்க, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். பாஸ்போர்ட் அந்த மாதமே வந்தது. தபால்காரரிடம் அம்மாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள்.